கேம்ஷாஃப்டைக் காப்பது எந்த ஆயில்? பழைய கான்டெஸ்ஸாவுக்கும் புல்லட்டுக்கும் ஓர் ஒப்பீடு

என் மேசையின் இழுப்பறையில் செய்தித்தாளில் சுற்றிய கேம்ஷாஃப்ட் ஒன்று கிடக்கிறது; என்ஜினின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு அது. 1993-ஆம் ஆண்டு கான்டெஸ்ஸா ஒன்றின் 1,817 சிசி இசுஸு என்ஜினிலிருந்து கழற்றியது. அதன் எட்டு லோப்களில் (வால்வைத் திறக்கும் மேடுகளில்) ஏழின் மீது கட்டைவிரலை ஓட்டினால் வழுக்கிக்கொண்டு போகும்; மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் லோப்பில் மட்டும் அரத்தின் மேல் வைத்ததுபோல் விரல் பிடித்துக்கொள்ளும். வெர்னியரில் அளந்தால் அந்த லோப்பின் மூக்கு உயரம் மற்றவற்றைவிட ஒன்றரை மில்லிமீட்டர் குறைவு. ஒரு லேத் பட்டறையில் சாணை பிடித்து வாங்கி மாட்டிய கேம், 1,100 கிலோமீட்டருக்குள் இந்த நிலைக்கு வந்தது. அப்போது என்ஜினில் இருந்தது, கடைக்காரர் ‘இப்போது வருவதிலேயே உயர்ந்தது’ என்று கொடுத்த 5டபிள்யூ-30 என்னும் மெல்லிய ரக ஃபுல் சிந்தெடிக் ஆயில். பழி முழுவதையும் ஆயிலின் மேல் போட நான் தயாரில்லை. சாணை பிடித்தபோது கடினப்படுத்திய மேல்தோல் போயிருக்கலாம். ஆயினும் அந்தத் தோலை இழந்த கேமுக்கு அந்த ஆயில் எந்த உதவியும் செய்யவில்லை என்பது உறுதி.

அந்த ஆயில் மட்டமானதன்று. அது வேறு வகை என்ஜினுக்காகச் செய்யப்பட்டது. புதிய என்ஜின்கள் பலவற்றில் கேமுக்கும் வால்வுக்கும் இடையே உருளும் ரோலர் இருக்கிறது. அம்பாசடரின் 1,489 சிசி என்ஜினிலும் காஸ்ட் அயர்ன் புல்லட்டிலும் வால்வை இயக்கும் தட்டையான டேப்பட்டின் மீதும், இசுஸுவில் ராக்கர் என்னும் நெம்புகோலின் முகத்தின் மீதும் கேம் நேரடியாகத் தேய்த்துக்கொண்டு ஓடுகிறது. மூக்கு ராக்கரை அழுத்தும் கணத்தில் இரண்டும் தொடும் இடம் ஒரு மெல்லிய கோடுதான். வால்வு ஸ்பிரிங்கின் முழு வலுவும் அந்தக் கோட்டில் இறங்குவதால், குறிப்பாக ஐடிலிங்கிலும் காலையில் ஸ்டார்ட் செய்யும்போதும், ஆயில் படலம் அறுந்து இரும்பு இரும்பைத் தொடுகிறது.

அந்த இடத்தில் காவலுக்கு நிற்பது 1940-களிலிருந்து ஆயிலில் கலந்துவரும் இசட்டிடிபி என்னும் துத்தநாக–பாஸ்பரஸ் சேர்மம். சூட்டிலும் உராய்விலும் இது சிதைந்து, உலோகத்தின் மேல் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தடிப்புள்ள கண்ணாடி போன்ற பாஸ்பேட் பூச்சாகப் படிகிறது. இரும்புக்குப் பதிலாக அந்தப் பூச்சு தேய்கிறது. தேய்ந்த இடத்தில் மறுபடியும் படிகிறது. ஆனால் எரிந்த ஆயிலோடு வெளியேறும் பாஸ்பரஸ், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுப்பதால், 2004-இல் வந்த ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) எஸ்எம் தரம் முதல் 2020-இல் வந்த எஸ்பி தரம் வரை, 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய கிரேடுகளில் பாஸ்பரஸ் 0.06 முதல் 0.08 சதவீதத்துக்குள் அடங்கவேண்டும் என்பது விதி. நம் நாட்டில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானது 1995-இல், அதுவும் நான்கு பெருநகரங்களில் மட்டும். 1993-இல் வேலூரில் ஓடத் தொடங்கிய கான்டெஸ்ஸாவில் காப்பாற்றுவதற்குக் கன்வெர்ட்டரே இல்லை. அதைக் காப்பதற்காகப் பாஸ்பரஸைக் குறைத்த ஆயிலை இதில் ஊற்றுவதில் பொருளில்லை.

பலர் அறியாத செய்தி, அந்த மேல்வரம்பு 20டபிள்யூ-50, 15டபிள்யூ-40 போன்ற கெட்டியான கிரேடுகளுக்குப் பொருந்தாது என்பதே. ஆகவே ‘இக்காலத்து ஆயிலில் ஜிங்க்கே (துத்தநாகமே) இல்லை’ என்று பட்டறைகளில் சொல்லப்படுவது பாதி உண்மைதான். போட்டி இந்தக் கெட்டி ரகங்களுக்குள்ளேயே நடக்கிறது. அதில் மூவர் இருக்கிறார்கள்: பெட்ரோல் கார்களுக்கான 20டபிள்யூ-50 மினரல் ஆயில், லாரிகளுக்கான 15டபிள்யூ-40 டீசல் ஆயில், கிளட்ச் வழுக்காதிருக்க வகுத்த ஜப்பானியத் தரமான ஜாஸோ எம்ஏ முத்திரை கொண்ட மோட்டார்சைக்கிள் 20டபிள்யூ-50.

பாகுத்தன்மையை முதலில் பார்ப்போம். ‘டபிள்யூ’வுக்கு முன்னுள்ள எண் குளிரைப் பற்றியது. 20டபிள்யூ என்பதற்கான சோதனை, பூஜ்யத்துக்குக் கீழ் 15 டிகிரியில் நடக்கிறது. மார்கழி விடியலில்கூட ஸ்வெட்டர் போடலாமா என்று யோசிக்கும் நம் ஊரில் அந்த எண்ணுக்காகக் கூடுதல் விலை கொடுப்பது வீண். நமக்கு வேண்டியது பின்னுள்ள எண். 100 டிகிரி சூட்டில் 30-கிரேடு 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் (பாகுத்தன்மையின் அலகு) வரையும், 40-கிரேடு 12.5 முதல் 16.3 வரையும், 50-கிரேடு 16.3 முதல் 21.9 வரையும் நிற்கின்றன. அக்கினி நட்சத்திர நாளில் ஏசியைப் போட்டுக்கொண்டு, திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கும் ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாம் கியரில் ஏறி முடித்து, மேலே ஐடிலிங்கில் நிறுத்திப் பார்த்தால் இந்த எண்களின் பொருள் விளங்கும். 15டபிள்யூ-40 இருந்தபோது என் காரின் ஆயில் பிரஷர் முள் அங்கே அடிக்கோட்டருகே தாழ்ந்தது. 20டபிள்யூ-50 இருந்தபோது அவ்வளவு இறங்கவில்லை. சூட்டிலும் விசையிலும் சேர்த்துச் சோதிக்கும்போது இரண்டுக்கும் வைத்த குறைந்தபட்சப் பாகுத்தன்மை 3.7 சென்டிபாய்ஸ் என்ற ஒன்றே என்பதால், புதிதாகப் பேரிங் போட்ட என்ஜினுக்கு 40 தாராளமாகப் போதும். பேரிங் தேய்ந்த என்ஜினுக்கு 50 நல்லது. பின் கிராங்க் முனையில் ரப்பர் சீல் இல்லாமல், ஆயிலை உள்ளே திருப்பித் தள்ளும் மரைப்பள்ளத்தை மட்டும் நம்பியிருக்கும் பழைய அம்பாசடருக்கும் 50 நல்லது. மெல்லிய ஆயிலை ஊற்றினால் வாசலில் கோலத்துக்குப் பக்கத்தில் அதுவும் ஒரு புள்ளி வைக்கும்.

பாஸ்பரஸ் கணக்கில் டீசல் ஆயில் வலுவானது. 2002-இல் வந்த சிஐ-4 என்னும் ஏபிஐ டீசல் தரத்தில் பாஸ்பரஸுக்கு மேல்வரம்பே இல்லை. பின்னால் வந்த சிஜே-4, சிகே-4 தரங்களில்தான் 0.12 சதவீதம் என்ற வரம்பு வந்தது, அதுவும் நமக்குப் போதுமான அளவே. வாலாஜா சுங்கச்சாவடி முதல் பள்ளிகொண்டா வரை நெடுஞ்சாலை ஓரத்து லாரிக் கடைகளில் இது கிடைக்கும், மலிவாகவும் கிடைக்கும். பீப்பாயிலிருந்து அளந்து ஊற்றுவதை மட்டும் வாங்கவேண்டாம். முத்திரை உடையாத டின் வேண்டும். இதன் குறை, இதில் அழுக்கு நீக்கும் சரக்கு மிகுதி என்பது. அந்தச் சரக்கும் உலோகத்தின் மேல் ஒட்டப் பார்ப்பதால், இசட்டிடிபிக்கு இடம் ஓரளவு குறைகிறது. மேலும், இருபது ஆண்டு மண்டி படிந்த என்ஜினில் இதைத் திடீரென்று ஊற்றினால், படிவு பெயர்ந்து ஆயில் பம்பின் வலையை அடைக்கக்கூடும். அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றிக் கழுவிய என்ஜினுக்கு மட்டுமே இதைப் பரிந்துரைப்பேன்.

மோட்டார்சைக்கிள் ஆயிலின் பலம், அதன் தரநிர்ணயமே பாஸ்பரஸ் 0.08 முதல் 0.12 சதவீதம் இருக்கவேண்டும் என்று கீழ்வரம்பையும் மேல்வரம்பையும் கட்டிவிடுவது. பெட்ரோல் கார் 20டபிள்யூ-50-இல் மேல்வரம்பு இல்லையே தவிர, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பது தயாரிப்பாளரின் விவரத்தாளைப் படித்தால்தான் தெரியும். நான்கு லிட்டருக்கு விலை கூடுதலாக வந்தாலும், நிச்சயமான அளவு வேண்டுவோருக்கு ஜாஸோ எம்ஏ 20டபிள்யூ-50 சரியான தேர்வு. காரில் ஊற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு, தாராளமாக ஊற்றலாம்.

இனி, தனியாக விற்கும் சேர்க்கைக் குப்பிகள். இவற்றில் இசட்டிடிபி குப்பி ஒன்றுக்குத்தான் நான் மதிப்புக் கொடுக்கிறேன், அதுவும் அளந்து ஊற்றினால். கணக்கு எளிது. 4 லிட்டர் ஆயிலின் எடை சுமார் 3.5 கிலோ. 0.08 சதவீதத்தை 0.12 ஆக்க வேண்டிய பாஸ்பரஸ் 1.4 கிராம். 8 சதவீதப் பாஸ்பரஸ் உள்ள அடர் இசட்டிடிபியில் அது 17.5 கிராம், அதாவது சுமார் ஒரு மேசைக்கரண்டி. ஏற்கெனவே 0.12 உள்ள ஆயிலில் குப்பியை முழுதாகக் கவிழ்த்தால் பாதுகாப்பு இரட்டிப்பாவதில்லை. அளவு மீறிய பாஸ்பரஸ் இரும்பையே அரித்து, கேமில் குழி விழச் செய்யும். புதிய கேம் மாட்டி, முதல் இருபது நிமிடம் 2,000 ஆர்பிஎம்மை ஒட்டி ஓடவிடும்போதுதான் இந்தக் கரண்டிக்கு உண்மையான வேலை.

கருப்பாக வரும் மாலிப்டினம் டைசல்பைடு காருக்குத் தீங்கில்லை, பயனும் சிறிதே. கிளட்ச் ஆயிலில் நனைந்து ஓடும் வண்டிகளில் கிளட்ச் வழுக்க இடமுண்டு என்பதால் அவற்றுக்கு வேண்டாம். டெஃப்லான் தூள் கலந்த குப்பிகளை அடியோடு ஒதுக்குகிறேன். அப்படிப்பட்ட ஒன்றின் விளம்பரங்களுக்கு ஆதாரமில்லை என்று அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1996-லேயே நடவடிக்கை எடுத்தது. ‘புகை நிறுத்தும்’ குப்பிகள் ஆயிலைக் கெட்டியாக்குவதோடு சரி. பந்தய என்ஜின்களில் ஒரு காலத்தில் ஓடிய ஆமணக்கெண்ணெயைக் கேட்டு வரும் இளைஞர்களும் இருக்கிறார்கள். காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான். ஆனால் அது மினரல் ஆயிலோடு சேராது, சூட்டில் பிசினாகும். பந்தயம் முடிந்ததும் என்ஜினைப் பிரித்துக் கழுவுபவர்களுக்கு மட்டுமே ஏற்றது.

புல்லட்டுக்கு வருவோம். காஸ்ட் அயர்ன் மாடலில் என்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூன்றுக்கும் ஆயில் தனித்தனி. எனவே என்ஜின் ஆயில் கிளட்சைத் தொடுவதில்லை. ஜாஸோ முத்திரை இங்கே கட்டாயமன்று, பாஸ்பரஸுக்காக வேண்டுமானால் பார்க்கலாம். வடிகட்டும் ஏற்பாடு எளிமையானது என்பதால், ஆயிலின் ரகத்தைவிட அதை மாற்றும் இடைவெளியே இங்கு பெரிது. எங்கள் பகுதியின் வயதான மேஸ்திரி ஒருவர் என்னிடம், “சத்தத்த ஆயிலால மறைக்காத நைனா, மூடியத் தெறந்து பாரு” என்றார். அவர் சொன்னபடி ஆறிய என்ஜினில், டேப்பட்டின் அசைவை வால்வுப் பக்கம் கொண்டுசெல்லும் புஷ்ராடை இரு விரலால் உருட்டினேன். தடையின்றிச் சுழலவேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. ஒன்று ஆடியது. ஆயில் கடையில் நான் கேட்கவிருந்த குப்பியின் வேலையை ஒரு ஸ்பேனர் செய்துவிட்டது. யமஹா ஆர்டி 350 வைத்திருப்போர் இந்த அலசலை விட்டுவிடலாம். டூ-ஸ்ட்ரோக்கில் கேமே இல்லை, அதற்கு ஜாஸோ எஃப்சி அல்லது எஃப்டி முத்திரையுள்ள டூ-டி ஆயில் போதும்.

இப்போது என் கான்டெஸ்ஸாவில் புதிய கேமும், ஜாஸோ எம்ஏ 20டபிள்யூ-50-உம் இருக்கின்றன. முதல் 1,000 கிலோமீட்டருக்கு மட்டும் ஒரு மேசைக்கரண்டி இசட்டிடிபி சேர்த்தேன். கார்புரேட்டரில் பெட்ரோல் மிகுதியாகி ஆயிலில் கலக்கும் வாய்ப்பு இருப்பதாலும், பெட்ரோலில் எத்தனால் இருபது சதவீதம் வரை வந்துவிட்டதாலும், டிப்ஸ்டிக்கை முகர்ந்து பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டு, 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுகிறேன். ஒவ்வொரு முறையும் மேல்மூடியைத் திறந்து எட்டு லோப்களின் உயரத்தையும் நோட்டில் எழுதிவைக்கிறேன். மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் லோப் மாட்டிய நாளன்று இருந்த அளவிலேயே இதுவரை இருக்கிறது.