முடி கொட்டுகிறதா? தைலமா, மினாக்சிடிலா, மாத்திரையா, சும்மா இருப்பதா?

சிங்கப்பூர்த் தேக்கா பக்கம் போனால் மூலிகைத் தைலம், மருந்துக் கடையில் தலையில் தடவும் மினாக்சிடில், கிளினிக்கில் ஃபினாஸ்டரைடு மாத்திரை. எது நல்லது என்று கேட்கும் முன், முடி சுழற்சியில் எங்கே கோளாறு என்று பார்த்தால் பாதிக் காசு மிச்சமாகும்.

ஒவ்வொரு முடிக்கும் தனிச் சுழற்சி உண்டு. அனாஜென் என்ற வளரும் கட்டம் 2 முதல் 6, 7 ஆண்டு வரை ஓடும், அதில் மாதம் ஏறத்தாழ 1 செ.மீ. வளரும். அப்புறம் 2, 3 வாரம் கேட்டாஜென். பிறகு சுமார் 3 மாத ஓய்வு, டெலோஜென், அதன் முடிவில்தான் உதிர்கிறது. தினம் 50 முதல் 100 முடி போவது சகஜம்.

டெங்கிக் காய்ச்சல், பிரசவம், கடுமையான டயட் எதுவானாலும் ஏராளமான முடிகள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும், ஆனால் கொட்டுவது 2, 3 மாதம் கழித்துத்தான், அதற்குள் காய்ச்சலை மறந்துவிட்டு ஷாம்பூவைத் திட்டிக்கொண்டிருப்போம். இங்கே ஜெயிப்பது சும்மா இருப்பதுதான். இரும்புச் சத்து, தைராய்டு மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தானாக முளைக்கும் முடிக்கு அந்த நேரத்தில் தடவிய தைலம் பெயர் வாங்கிக்கொள்ளும்! தேங்காய் எண்ணெய் முடி உடைவதைக் குறைக்கும், சரி, ஆனால் வேரின் சுழற்சியை அது மாற்றுவதில்லை. மொட்டை அடிப்பதும் அதை மாற்றாது.

பரம்பரை வழுக்கை வேறு கதை. டிஹெச்டி என்ற ஹார்மோன் ஒவ்வொரு சுற்றிலும் வளரும் காலத்தைக் குறைத்து முடியை மெலிதாக்குகிறது, காத்திருந்தால் நஷ்டம். ரத்த அழுத்த மருந்தாகப் பிறந்த மினாக்சிடில், ஓய்விலிருக்கும் வேரை வளர்ச்சிக்குத் தள்ளுகிறது. பழைய முடி கழன்றுதானே புதியது வரும், அதனால் முதல் சில வாரம் கூடுதலாகவே கொட்டலாம், பலர் பயந்து நிறுத்துவது இங்கேதான். 4 மாதமாவது பொறுக்க வேண்டும். நிறுத்தினால் வந்தது போய்விடும்.

ஃபினாஸ்டரைடு டிஹெச்டியையே குறைப்பதால் ஆண்களுக்கு என் ஓட்டு அதற்குத்தான். டாக்டர் சீட்டு வேண்டும், சிலருக்குப் பாலுணர்வுக் குறைவும் மனச்சோர்வும் வரலாம், வாய்விட்டுக் கேளுங்கள். கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடவே கூடாது. பெண்களுக்குப் பெரும்பாலும் மினாக்சிடில்தான் முதல் தெரிவு, அதுவும் கர்ப்பத்தின்போது வேண்டாம்.

2024 முதல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பூனைக்கு அனுமதி உண்டு, மினாக்சிடிலோ பூனைக்குக் கொடிய நஞ்சு, அதனால் வீட்டில் பூனை இருந்தால் டாக்டரிடம் அதையும் சொல்லிவிடுங்கள்.