கட்டமா, வாக்கியமா: உள்மடிந்த இமைக்கு எந்தக் குறிப்பு?

கீழிமை உள்ளே மடிந்து இமைமுடி கருவிழியை உரசுகிறது. பார்த்தாலே தெரிகிற கோளாறு, இதை எழுதுவதில் என்ன வித்தை என்று நானும் நினைத்தவன்தான். அமெரிக்கக் கண் மருத்துவக் கோப்புகளுக்குக் கோடிங் (மருத்துவர் எழுதிய நோயையும் சிகிச்சையையும் இன்ஷூரன்ஸுக்கான குறியீடுகளாக மாற்றும் வேலை) செய்யத் தொடங்கிய பிறகு, டிக் அடிக்கும் டெம்ப்ளேட் குறிப்பு, மருத்துவர் சொந்த வாக்கியத்தில் எழுதும் குறிப்பு என இரண்டும் கைக்கு வந்தன. என் ஓட்டு வாக்கியத்துக்கு.

டெம்ப்ளேட்டின் நன்மை தெரிந்ததுதான்: வேகம், வலமா இடமா, மேலா கீழா என்பது விடுபடாது. அமெரிக்காவில் நோய்களுக்குப் போடும் ஐசிடி-10-சிஎம் குறியீட்டின் கடைசி இலக்கம் அதைத்தான் கேட்கிறது. எச்02.032 வலது கீழிமை, எச்02.035 இடது.

வம்பு அதற்கு முந்தைய இலக்கத்தில். தழும்பால் மடிந்தால் 1, முதுமைத் தளர்ச்சியால் என்றால் 3, தசை இறுகிச் சுருங்கியதால் என்றால் 4, காரணம் சொல்லப்படாவிட்டால் 0. நோயாளிக்கு 81 வயது என்பதற்காக நானாக 3 போட்டுவிட முடியாது; மருத்துவர் எழுதியிருக்க வேண்டும்.

நல்ல குறிப்பு இப்படி இருக்கும்: "முதுமைத் தளர்ச்சியால் இடது கீழிமை உள்மடிப்பு. இமையை இழுத்தால் கண்ணிலிருந்து 9 மி.மீ. விலகுகிறது, விட்டதும் திரும்பவில்லை, கண் சிமிட்டிய பிறகே ஒட்டுகிறது. இறுக்கி மூடித் திறந்தபோது விளிம்பு உள்ளே உருண்டது. இமையைப் புரட்டிப் பார்த்ததில் தழும்பு இல்லை. கருவிழியின் கீழ்ப்பகுதியில் சாயம் ஏறிய புள்ளிகள்." காரணம் என்ன, எது காரணமில்லை, அறுவை ஏன் அவசியம் என மூன்றுக்கும் இதில் விடை இருக்கிறது. எந்தக் கட்டமும் இவ்வளவு பேசாது.

ஒருமுறை "இமைமுடி உரசல்" கட்டம் மட்டும் டிக் ஆகி வந்தது. மடிப்பு பற்றி ஒரு சொல் இல்லை. மடிப்பில்லாத முடி உரசலுக்கான எச்02.055 போட்டேன், செய்த அறுவையின் குறியீடோ 67924, மடிந்த இமையைச் சீராக்குவது. எந்த இமை என்று காட்டும் பின்னொட்டான மாடிஃபையர் இ2 (இடது கீழிமை) சரியாக இருந்தும் இன்ஷூரன்ஸ் கிளெய்ம் திரும்பி வந்தது. மருத்துவரைக் கேட்டேன். அவருக்கு நோயாளி நினைவில் இருந்தார், இமை நினைவில் இல்லை. புகைப்படத்தைத் தேடினால் அதில் இமை ஒழுங்காக நிற்கிறது! இந்தக் கோளாறு விட்டுவிட்டு வருவது. கண்ணை இறுக்கி மூடித் திறக்கச் சொல்லி உடனே எடுத்திருக்க வேண்டும். மடிப்பு இருந்தது என்று குறிப்பில் இனிமேல் ஒரு வரி சேர்த்தால், அதற்குச் சேர்க்கும் நாளின் தேதிதான் போட வேண்டும். பணம் மறுக்கப்பட்ட பிறகு எழுதிய வரியை இன்ஷூரன்ஸ்காரர் எந்தக் கண்ணால் பார்ப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

மேலிமையில் தழும்பால் வரும் மடிப்பு என் மேசைக்கு வந்தது மிகக் குறைவு. அங்கே டெம்ப்ளேட் போதுமாகவும் இருக்கலாம். கீழிமைக்கு டெம்ப்ளேட்டை விட முடியாத மருத்துவரிடம் நான் கேட்பது, அதன் அடியில் இருக்கும் காலிப் பெட்டியில் இரண்டு வரி.