கூண்டு நல்ல கூண்டுதான், அந்த அடித்தட்டுதான் சனியன்

எங்கள் காக்டெய்ல் (cockatiel என்ற கொண்டை வைத்த சின்னக் கிளி) கூண்டின் அடித்தட்டைத் தூக்கி எறிந்துவிட்டுப் பட்டறையில் புதிதாக ஒன்று செய்து வாங்கிவிட்டேன். அந்தச் சூடு ஆறுவதற்குள் இதே மாடல் 6,500 ரூபாயிலிருந்து 4,900-க்கு இறங்கியிருக்கிறது. "அண்ணா, வாங்கிடலாமா?" என்று அலுவலகத்துத் தம்பி கேட்கிறார். அவர் முதலில் கேட்டது பச்சைக்கிளி. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம் என்று சொன்ன பிறகுதான் காக்டெய்லுக்கு வந்தார்.

இரண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழம், இரண்டரை அடி உயரம் உள்ள, மேல்பக்கம் திறக்கும் அந்தக் கறுப்புக் கூண்டைத்தான் சொல்கிறேன். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடைகளில் அழகுக்காக விற்கும் உருண்டைக் கூண்டும் ஒல்லியான உயரக் கூண்டும் காக்டெய்லுக்கு உதவாது. வாலோடு சேர்த்து ஒரு அடி நீளமுள்ள பறவை அது. ஹெலிகாப்டர் மாதிரி நேராக மேலே எழும்பாது, பக்கவாட்டில்தான் பறக்கும். அதற்கு அகலம் வேண்டும், இதில் இருக்கிறது. கம்பி இடைவெளி அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட, தலை மாட்டாது. இரண்டு பக்கம் படுக்கைக் கம்பி இருப்பதால் அலகால் பிடித்துப் பிடித்து ஏறி இறங்குகிறது. ஏறும்போது கம்பியைக் கடிக்கத்தான் செய்யும். அதனால்தான் மலிவான ஜிஐ வலைக் கூண்டு வேண்டாம் என்கிறேன். அதன் மேல்பூச்சில் இருக்கும் துத்தநாகம் வயிற்றுக்குள் போனால் பறவைக்கு விஷம். இதில் பவுடர் கோட்டிங் இன்றுவரை உரியவில்லை. (சன் கான்யூர் என்ற கிளி வைத்திருப்பவர்கள் இதை நம்ப வேண்டாம், அதன் அலகு வேறு ரகம்.) கூடவே வந்த பிளாஸ்டிக் குச்சிகளைக் கழற்றிவிட்டுக் கொய்யாக் கிளை கட்டினேன். கிளை ஒரே பருமனில் இருக்காது என்பதால் காலுக்கு நல்லது. அது எந்தக் கூண்டு வாங்கினாலும் செய்ய வேண்டிய வேலைதான்.

சரி, தட்டுக்கு வருவோம்.

மெல்லிய பிளாஸ்டிக். கூண்டின் ஆழத்தைவிட அரை விரற்கடை குறைவு. அந்த இடுக்கில்தான் தினை உமி முழுவதும் போய் விழுகிறது. காக்டெய்ல் தினையை உரித்துத் தின்னும், தண்ணீர்க் கிண்ணத்தில் குளிக்கும், சிறகிலிருந்து வெள்ளைப் பொடியையும் உதிர்க்கும். இந்த மூன்றும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் சேர்ந்தால் என்ன ஆகும்? பூஞ்சை. பறவையின் நுரையீரலுக்கு அதைவிடக் கெட்டது அதிகம் இல்லை. நமக்கு நாற்றம் வந்த பிறகுதான் தெரியும், எறும்புக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

இழுத்தால் வராது. நடுவில் வளைந்து தண்டவாளத்தில் சிக்கும். கொஞ்சம் வேகமாக இழுத்தால் கூண்டே அதிர்ந்து 'கிரீச்' என்று கத்தும். காக்டெய்ல் பயந்த சாதி. இரவில் சின்னச் சத்தத்துக்கே இருட்டில் படபடவென்று அடித்துக்கொண்டு, முளைத்து வரும் இறகை ஒடித்து ரத்தம் வரவைத்துக்கொள்ளும். அதற்காகவே சின்ன விடிவிளக்கு போட்டிருக்கிறோம். அதனிடம் போய்க் காலையில் எழுந்ததும் இந்த இரும்புச் சங்கீதம்!

இது போதாதென்று தட்டுக்கு மேலே உள்ள கம்பித் தளத்தைக் கூண்டோடு வெல்டிங் செய்து வைத்திருக்கிறார்கள். கழற்ற முடியாது. எச்சம் அதில் காய்ந்து ஒட்டிக்கொண்டால், கதவு வழியாகக் கையை விட்டு பழைய டூத் பிரஷ்ஷால் ஒவ்வொரு கம்பியாகத் தேய்க்க வேண்டும். நாம் தேய்க்கும்போது கிளியார் நம் தோளில் உட்கார்ந்து காதைக் கடிப்பார், அது தனிக் கதை.

கோவையில் பட்டறைக்குப் பஞ்சமா? கூண்டைக் கொண்டுபோய்க் காட்டியதும் பட்டறை அண்ணன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத டிசைன் பண்ணவன் ஒரு நாளும் கிளி வளத்திருக்க மாட்டான்" என்றார். ஒட்டியிருந்த தளத்தை வெட்டியெடுத்து, முனைகளைக் காலில் குத்தாதபடி ராவி, தனியாகத் தூக்கி எடுக்கும்படி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தளம் ஒன்றும், பின்சுவர் வரை முட்டும் ஸ்டீல் தட்டு ஒன்றும் செய்து கொடுத்தார். 1,400 ரூபாய். இப்போது ஒரு விரலால் இழுத்தால் சத்தமில்லாமல் வருகிறது.

ஆக, குறைந்த விலையில் வாங்கினாலும் பட்டறைச் செலவையும் சேர்த்தால் கையை விட்டுப் போவது ஏறக்குறைய பழைய விலைதான். இந்த விலைக்கு இவ்வளவு அகலமும் இந்தக் கம்பித் தரமும் உள்ள வேறு கூண்டு என் கண்ணில் படவில்லை, அதையும் மறைக்கவில்லை. ஆனாலும் தம்பிக்கு நான் சொன்ன பதில் 'வேண்டாம்'. கிளியை ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் தட்டு செய்தவர்களுக்கு என் வாயால் ஒரு விற்பனை நடக்கக் கூடாது. எனக்கு இன்னொரு காக்டெய்ல் வந்தால் என்ன வாங்குவேன் என்று மட்டும் கேட்காதீர்கள். இதையேதான் வாங்குவேன், போகிற வழியில் பட்டறையில் இறக்கிவிட்டு.