போனைப் பூட்டும் பெட்டி: 6 வாரம் பயன்படுத்திய பிறகு

43 வயதில் மறுபடியும் பரீட்சைக்குப் படிக்கிறேன். வேலையில் அடுத்த படிக்குப் போக ஒரு புள்ளியியல் தாள் எழுதியாக வேண்டும். புத்தகத்தைத் திறந்தால் கை தானாகப் போனுக்குப் போகிறது. 15 வயது மகளுக்குத் தினமும் ஓதும் அறிவுரையை எனக்கே ஓதிப் பார்த்தேன், பலிக்கவில்லை. கடைசியில் இந்த நேரப்பூட்டுப் பெட்டியை வாங்கினேன்.

வெள்ளை பிளாஸ்டிக் டப்பா, உள்ளே இருப்பது தெரியும் மூடி, மூடியின் நடுவில் ஒரு திருகு. போனைப் போட்டு, திருகைச் சுழற்றி நேரம் வைத்து அமுக்கினால் 5 விநாடி அவகாசம் தருகிறது. மனசு மாறினால் அதற்குள் நிறுத்திக்கொள்ளலாம். அப்புறம் 'டக்' என்று கொக்கி விழுந்துவிடும். கெஞ்சினாலும் திறக்காது. இரண்டு பென்சில் பேட்டரியில் ஓடுகிறது, இன்னும் மாற்றவில்லை.

முதல் குறை அந்த மூடிதான். கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் போனை வைத்துவிட்டுக் கவனமாகப் படி என்றால் எப்படி? திரை ஒவ்வொரு முறை ஒளிரும்போதும் பார்வை அங்கே போகிறது, யார் அனுப்பியது என்று பார்க்க முடியாததால் எரிச்சல் வேறு. 2017இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஏட்ரியன் வார்ட் குழு கிட்டத்தட்ட 800 பேரை வைத்து இதைச் சோதித்தது. சிலர் போனை மேசையில் கவிழ்த்து வைத்தார்கள், சிலர் பையிலோ பாக்கெட்டிலோ, சிலர் அடுத்த அறையில். எல்லாப் போனும் சத்தம் போடாத நிலையில்தான் இருந்தது. ஆனாலும் அடுத்த அறையில் வைத்தவர்கள், மேசையில் வைத்தவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். பின்னால் இதைத் திரும்பச் செய்து பார்த்த எல்லோருக்கும் அதே முடிவு கிடைத்துவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். என் அனுபவம் வார்ட் பக்கம்தான் சாய்கிறது. நான்காம் நாள் மூடிக்கு உள்பக்கம் பழைய காலண்டர் தாளை வெட்டி ஒட்டினேன். வைப்ரேஷனையும் நிறுத்திவிட்டுப் போடுங்கள். இல்லாவிட்டால் டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி உறுமும்.

இரண்டாவது குறை திருகு. நிமிடத்திலிருந்து மணிக்குச் சட்டென்று தாவிவிடுகிறது. 40 நிமிடம் என்று நினைத்து ஒருநாள் 4 மணி நேரம் வைத்துவிட்டேன். அந்த 5 விநாடியில் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தேன். பாட வீடியோ பார்க்க மடிக்கணினியைத் திறந்தால், உள்ளே நுழைய ஓடிபி அனுப்பியிருப்பதாகச் சொன்னது. எங்கே அனுப்பியது? பெட்டிக்குள். உள்ளே 'டிங்' என்று சத்தம்கூடக் கேட்டது. மகள் பத்து நிமிடம் விடாமல் சிரித்தாள். அவசர அழைப்பு வரக்கூடிய வீடு என்றால், இன்னொரு போன் வெளியே இல்லாமல் இதைப் பூட்டாதீர்கள்.

சரி, பலன் உண்டா? உண்டு, ஆனால் அட்டையில் போட்டிருக்கும் 'கவனம் பெருகும்' என்ற பலன் இல்லை. முதல் வாரம் ஒரு வேலை செய்தேன். கை போனைத் தேடும் ஒவ்வொரு முறையும் புத்தக ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. வார முடிவில் பக்கங்களைப் புரட்டினேன். சராசரி, திட்ட விலக்கம் வரும் பக்கங்களில் ஒன்றிரண்டுதான். நிபந்தனை நிகழ்தகவு தொடங்கும் பக்கத்தில் ஒன்பது. பேயஸ் தேற்றத்துக்குப் பக்கத்தில் எறும்பு வரிசை. சலிப்பு வந்ததால் போனை எடுக்கிறேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். புரியாத இடத்தில்தான் எடுத்திருக்கிறேன். பெட்டி பூட்டியிருந்ததால் வேறு வழியில்லாமல் அந்தக் கணக்கையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்றாம் முறை மரவரைபடம் போட்டபோது வழிக்கு வந்தது.

இன்னொன்றையும் பெட்டி காட்டிக்கொடுத்தது. போன் இல்லாமல் உட்கார்ந்தால் இரவு எட்டு மணிக்கே கண் சொக்குகிறது. முன்பெல்லாம் திரையை உருட்டி உருட்டி அந்த அசதியைத் தள்ளிப்போட்டிருக்கிறேன் போலிருக்கிறது. இரண்டாம் வாரம் அதற்குப் பதிலாகக் காபியைப் பிடித்துக்கொண்டேன், எட்டு மணிக்கு ஒரு பெரிய கோப்பை. மூளையில் அடினோசின் என்ற பொருள் சேரச் சேரத் தூக்கம் வரும். அது போய் உட்கார வேண்டிய இடத்தில் காபியில் இருக்கும் கஃபீன் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அசதி அப்படியேதான் இருக்கும், நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். குடித்ததில் பாதி உடம்பை விட்டுப் போகவே பெரும்பாலானவர்களுக்கு ஐந்து மணி நேரம் போல ஆகிறது. 2013இல் வந்த ஓர் ஆய்வில், படுக்க 6 மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் கஃபீன் எடுத்தவர்களுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்திருந்தது. என் கோப்பையில் அவ்வளவு இருக்காது. ஆனால் நான் மூன்று மணி நேரம் முன்னால் குடித்தேனே! படித்தது மனதில் தங்குவதும் தூக்கத்தில்தான். அந்த வாரம் படித்த இரண்டு அத்தியாயங்களை மறுபடி படிக்க வேண்டியதாயிற்று. இப்போது மதியத்தோடு காபி சரி, இரவில் சொக்கினால் புத்தகத்தை மூடிவிட்டுப் படுத்துவிடுகிறேன். காலை ஐந்தரைக்குப் பெட்டி 'டக்'.

50 நிமிடம் பூட்டு, 10 நிமிடம் வெளியே என்பது எனக்குச் சரிப்பட்டது. அந்தப் பத்து நிமிடத்தில் போனை எடுத்தால் அடுத்த சுற்றில் அரைமணி நேரம் மனசு அங்கேயே நிற்கிறது. அதனால் பூட்டுத் திறந்தாலும் உள்ளே கையை விடாமல், எழுந்து நடந்துவிட்டு வந்து உட்காருகிறேன். அப்படியானால் பெட்டி எதற்கு என்று கேட்பீர்கள். முதல் மூன்று வாரம் அது இல்லாமல் இந்தப் பழக்கம் எனக்கு வந்திருக்காது.

5க்கு 3 நட்சத்திரம். மூடியை மறைத்துச் செய்து, திருகையும் சரி செய்தால் 4 கொடுப்பேன்.

போன வாரம் மகள் வந்து, "அம்மா, உன் பெட்டி கொஞ்ச நாள் எனக்கு வேணும்" என்றாள். விளையாட்டுக் கன்ட்ரோலரை உள்ளே போட்டிருக்கிறாள், 20 நிமிடத்துக்கு மேல் வைப்பதில்லை. என் போன் இப்போது அடுத்த அறை அலமாரியில், துணிகளுக்கு அடியில். புத்தக ஓரத்தில் புள்ளிகள் கொஞ்சம் கூடியிருக்கின்றன.