கேரவன் டிரெய்லருக்கு மரச்சட்டமா, அலுமினிய ஃப்ரேமா?

அலுமினியம் என்றதும் எல்லோரும் சொல்லும் காரணம் எடை. கணக்குப் போட்டால் அதில் பெரிதாக ஒன்றுமில்லை. 38 மி.மீ. சதுர அலுமினிய பாக்ஸ் (உள்ளே வெற்றான குழாய்), 2 மி.மீ. தடிமனில், மீட்டருக்குச் சுமார் 780 கிராம் வரும். அதே அளவு தேக்குச் சட்டம் சுமார் 940 கிராம். மொத்த ஃப்ரேமுக்கு 60 மீட்டர் சட்டம் பிடித்தாலும் மிச்சம் பத்து கிலோகூட இல்லை.

அப்படியிருந்தும் சென்னையில் அலுமினியத்தையே எடுக்கச் சொல்வது ஒழுகலுக்காக. ஒழுகாத டிரெய்லர் கிடையாது. ரோட்டு அதிர்ச்சியில் ஜன்னல் ஓரத்திலும் கூரை மூலையிலும் சீலன்ட் விட்டுவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உள்ளே இறங்கும் தண்ணீர் அடிச்சட்டத்தில் போய்த் தேங்கும். வெளியே ஷீட், உள்ளே பிளைவுட், நடுவில் தெர்மாகோல். காய வழியே இல்லை. மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால் பூஞ்சை பிடித்து உளுத்துப்போகும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒருநாள் ஸ்க்ரூ பிடிக்காமல் சும்மா சுற்றும், கழற்றினால் மரையில் பழுப்புத் தூள் ஒட்டியிருக்கும். அதற்குள் பிளைவுட்டைப் பிரிக்காமல் சரிசெய்ய முடியாத நிலை வந்திருக்கும். தேக்கின் வைரம் (முற்றிய நடுமரம்) தாங்கும்தான். வெள்ளை (முற்றாத வெளிமரம்) கலந்த சட்டம் தாங்காது. மாதக்கணக்கில் வாசலில் நின்றால் ஜாக்கி வழியாகக் கரையானும் ஏறும்.

அலுமினியம் நனைந்தாலும் உளுக்காது. அடிச்சட்டத்தில் அடிக்கு ஒன்றாக 6 மி.மீ. ஓட்டை போட்டுவிட்டால் தண்ணீர் வடிந்துவிடும்.

ஆனால் அதற்கும் வேலை உண்டு. ஏசி ஓடும்போது வெளியிலிருந்து புகும் ஈரக்காற்று உள் பிளைவுட்டின் பின்பக்கம் வியர்க்கும். அலுமினியம் குளிரை எளிதில் கடத்துவதால் ஃப்ரேம் ஓடும் கோட்டில்தான் வியர்வை அதிகம். ஃப்ரேமுக்கும் பிளைவுட்டுக்கும் நடுவில் ஃபோம் டேப் ஒட்டியே ஆகவேண்டும். இரும்பு சேஸிஸை நேராகத் தொட்டால், ஈ.சி.ஆர். பக்கத்து உப்புக்காற்றில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். இடையில் ரப்பர் பட்டை, போல்ட்டுக்கு நைலான் புஷ் போடுங்கள். ஆர்கான் வெல்டிங் சூட்டில் பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்து உலோகம் வலுவிழப்பதால் விரிசல் பற்றை ஒட்டித்தான் விழும். மூலைகளில் முக்கோணத் தகடு வைத்து ரிவெட் அடிப்பது நல்லது. அலமாரி மாட்ட 2 மி.மீ. சுவரில் வெறும் ஸ்க்ரூ நிற்காது, ரிவ்நட் (ஓட்டையில் ரிவெட் போல இறுகும் நட்டு) வேண்டும்.

மரத்தின் பலம் பழுது பார்ப்பதில் இருக்கிறது. எந்த ஊரிலும் ஓர் ஆசாரி கிடைப்பார். ஆர்கான் வெல்டர் கிடைப்பது சந்தேகம். கூரையுள்ள ஷெட்டில் நிறுத்திவிட்டு, தொலைதூரம் சுற்றுகிறவருக்கு மரம் ஒத்துவரலாம்.

எதைக் கட்டினாலும் வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் வேண்டாம், அது உலோகத்தை அரிக்கும். பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் பட்டை) ஒட்டி, ஓரத்தில் பாலியூரித்தேன் சீலன்ட் பூசுங்கள். புரட்டாசியில் ஒருமுறை ஜன்னலுக்குக் கீழே உள் பிளைவுட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று அமுங்கினால் மழை தொடங்குமுன் அந்த ஜன்னலைக் கழற்றி, பழைய டேப்பைச் சுரண்டிவிட்டுப் புதிதாக ஒட்டவேண்டும்.