றிமோட் வேலை செய்யாவிட்டால் உடனே ஆளைக் கூப்பிடாதீர்கள்

யாழ்ப்பாணத்தில் ஸ்மார்ட் கீ (திறப்புக்குப் பதிலாக வரும் றிமோட்) உள்ள ஜப்பான் கார் வைத்திருப்பவர்கள் இதை வாசித்து வையுங்கள். கார் திறக்கிறேன் என்று வரும் எல்லோரும் திறக்க வருவதில்லை.

போன மழைக்குள், திருநெல்வேலிச் சந்தையடியில் எங்கள் கார் திறக்க மறுத்துவிட்டது. றிமோட் கையில்தான் இருக்கிறது, அமத்தினால் ஒரு சத்தமும் இல்லை. அம்மா மரக்கறிப் பையோடு ஒரு கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றார். மின்கம்பத்தில் ஒட்டியிருந்த இலக்கத்துக்கு எடுத்தேன். "நாலாயிரம் அண்ணை, இந்தா வாறன்" என்றார் அந்த ஆள்.

வந்தவர் றிமோட்டை வாங்கி அமத்திப் பார்த்துவிட்டு, "லொக் போயிட்டுது" என்றார். அப்புறம் ஒரு தட்டையான தகட்டைக் கண்ணாடிக்கும் றப்பருக்கும் இடையில் இறக்கிக் கிண்டத் தொடங்கினார். கதவுக்குள் 'டக்' என்று ஏதோ போனது. "அது ஒண்டுமில்லை அண்ணை." கதவு திறந்ததும் கேட்டது 18,000 ரூபா. சென்சர் உள்ள கதவாம், றேட் வேறாம். மழைக்குள் சண்டை பிடித்து 14,000 கொடுத்தேன். பற்றுச்சீட்டு? சிரித்தார்.

அதன் பிறகு கண்ணாடி இறங்கவில்லை. கராஜில் கதவின் உட்பக்கத்தைக் கழற்றிக் காட்டினார்கள்: பவர் விண்டோ வயர் அறுந்து, லொக் கம்பி வளைந்து கிடந்தது. எல்லாம் சரிக்கட்டியபின் கராஜ்காரர் றிமோட்டின் ஓரத்திலிருந்த சின்னக் கொழுக்கியைத் தள்ளி, உள்ளேயிருந்து ஒரு இரும்புத் திறப்பை உருவினார். சாரதிப் பக்கக் கதவில் போட்டுத் திருப்ப, திறந்தது. அன்றைக்குச் செத்திருந்தது றிமோட்டின் வட்டப் பற்றறி மட்டும்தான்! காரோடு வந்த கையேடு முழுக்க ஜப்பான் மொழி, எங்களுக்கு எங்கே தெரியும். இதையே தொழிலாகச் செய்கிறவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

உங்கள் றிமோட்டிலும் அந்தத் திறப்பு இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். சில கார்களில் திறப்புத் துவாரம் கைப்பிடியின் மூடிக்குள் ஒளிந்திருக்கும். உள்ளே ஏறியபின் றிமோட்டை ஸ்ரார்ட் பொத்தானோடு ஒட்டிப் பிடித்தால் பெரும்பாலானவை ஸ்ரார்ட் ஆகும்.

திறப்பு உண்மையிலேயே காருக்குள் அகப்பட்டால், காற்றுப் பை வைத்திருப்பவரைத் தேடுங்கள். கதவு விளிம்பில் அதைச் செருகிக் காற்றடித்தால் சின்ன இடைவெளி வரும். அதால் நீளக் கம்பியை விட்டு உள்பக்கக் கைப்பிடியை இழுக்கலாம். தகட்டோடு வருகிறவரைக் கதவில் கை வைக்க விடாதீர்கள். சில கார்களில், விபத்தில் விரிகிற எயார்பாக்கின் சென்சரும் கதவுக்குள்தான் இருக்கிறது.

விலையை ஆள் புறப்பட முன்னமே வட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்குங்கள். நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்துக்கு எடுத்து முறையிடுவதென்றால் கையில் காட்ட ஏதாவது இருக்கவேண்டும். என்னிடம் ஒன்றுமே இருக்கவில்லை.