மெல்லிய அலுமினியத் தகடு: பல்ஸ் மிக்கா, ஸ்ப்ரே மிக்கா, ஏசி டிக்கா?

அலுமினிய வெல்டிங்கில் 8, 10 மி.மீ. கனத் தகடு என்றால் யோசிக்கவே வேண்டாம், சாதாரண ஸ்ப்ரே மிக் (வயர் தானாக ஓடி உருகும் ஆர்க் வெல்டிங்) போதும். 200 ஆம்பியரைத் தாண்டிய வேலையில் பல்ஸ் (கரண்ட்டை ஏற்றி இறக்கும் முறை) இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. தலைவலி எல்லாம் 2 முதல் 4 மி.மீ. வரைதான்.

1.2 மி.மீ. வயரில் உலோகம் துளித்துளியாகப் பாய (இதுதான் ஸ்ப்ரே), சுமார் 135 ஆம்பியராவது வேண்டும். அந்தச் சூட்டில் 3 மி.மீ. தகட்டின் மேல் கை சற்றுத் தயங்கினாலே பொத்தல் விழும், 2 மி.மீ. தகட்டுக்குப் பேச்சே இல்லை. ஆம்பியரைக் குறைத்தால் வயர் உருகிய உலோகக் குட்டையில் முட்டி முட்டி அணையும், தெறிக்கும். வெல்டு மேலே மெழுகு வைத்ததுபோல் உட்காரும், அடியில் பிடித்திருக்காது. பார்வைக்குச் சரியாகத் தெரிவதால்தான் இது ஆபத்து.

0.9 மி.மீ. வயருக்கு மாறினால் 110 ஆம்பியர் வாக்கிலேயே ஸ்ப்ரே கிடைக்கும். ஆனால் வயர் மெலிந்தது, மிருதுவானது. டார்ச் முனையிலுள்ள டிப்பில் கொஞ்சம் ஒட்டினாலும், வயரைத் தள்ளும் ரோலருக்கும் அது ஓடும் குழாயான லைனருக்கும் நடுவே சுருண்டு குருவிக்கூடு கட்டிவிடும்.

பல்ஸ் இந்த முடிச்சை அவிழ்க்கிறது. அடிமட்டக் கரண்ட் ஆர்க்கை அணையாமல் மட்டும் வைத்திருக்கும். உச்சக் கரண்ட் ஒரு கணம் ஏறி, ஒரு துளியைக் கழற்றிவிட்டு இறங்கும். சராசரி 80 ஆம்பியரில் இருந்தாலும் ஒவ்வொரு துளியும் ஸ்ப்ரே போலவே பாயும், அதுவும் தடித்த 1.2 வயரிலேயே. காதைக் கொடுங்கள்: ஒரே சீரான ரீங்காரம் வந்தால் சரி. நடுவே படபடவென்று வெடித்தால் ஆர்க் நீளம் குறைந்துவிட்டது, டிரிம்மை (ஆர்க் நீளத்தை மாற்றும் அமைப்பை) கொஞ்சம் ஏற்ற வேண்டும்.

ஏசி டிக் (உருகாத டங்ஸ்டன் முனையில் ஆர்க், கையால் ஊட்டும் ராடு) அழகில் இரண்டையும் மிஞ்சும். 1 மி.மீ. தகடு, வார்ப்பு ரிப்பேர், குழாய் மூட்டு ஆகியவற்றுக்கு அதுதான், ஏனென்றால் சூடு ஒரு கையில், ராடு மறு கையில். ஆனால் வேகம் குறைவு. ஒரு மீட்டர் நீளத் தையலை டிக்கில் போட்டால் தகடு நெளிந்துவிடும்; அங்கே பல்ஸ்தான் என் தேர்வு.

பல்ஸ் மெஷின் விலை அதிகம், தயாரிப்பில் கவனக்குறைவையும் மன்னிக்காது. எர்த் கேபிளைச் சுருட்டிப் போட்டுவிட்டு வேலை செய்தால் பல்ஸின் வடிவமே மழுங்கி ஆர்க் ஆடும். மெஷினைக் குறை சொல்லுமுன் கேபிளை விரித்துப் போடுங்கள். 4043 ரக வயரைப் பூட்டிவிட்டு 5356 ரகத்துக்கான புரோகிராமில் ஓட்டினாலும் இதே கதை.

மற்றவை ஸ்ப்ரேக்கும் பல்ஸுக்கும் பொது. சுத்த ஆர்கான், நிமிடத்துக்கு 15 முதல் 20 லிட்டர். யூ பள்ள ரோலர், டெஃப்லான் லைனர். அசிட்டோனால் முதலில் எண்ணெயைத் துடைத்து, பிறகு ஸ்டெயின்லெஸ் பிரஷ் போடுங்கள். மாற்றிச் செய்தால் பிரஷ் எண்ணெயை உள்ளே தேய்த்துவிடும், அதன் ஹைட்ரஜன் வெல்டில் நுண்துளையாக நிற்கும். டார்ச்சை 10, 15 டிகிரி சாய்த்து முன்னே தள்ள வேண்டும். இழுத்தால் கரி படியும். தொடக்கத்தில் தகடு சூட்டை உறிஞ்சிவிடுவதால் ஹாட் ஸ்டார்ட் (தொடக்கக் கரண்ட்டைக் கூட்டும் அமைப்பு) வையுங்கள், முடிவில் குழி நிரப்பாமல் டிரிகரை விட்டால் அங்கேதான் விரிசல் தொடங்கும்.

வயரில் 5356 விறைப்பானது, நன்றாக ஓடும். 5083 ரக அலுமினியக் கலவைத் தகட்டுக்கு 4043 போடவே கூடாது. 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் தொடர்ந்து சூடாகும் பாகங்களுக்கு மட்டும் 5356 வேண்டாம். 6061 போன்ற தகடானால் அங்கே 4043 போடலாம்.